சித்திரைப் புழுதியின் விலை

மண் பரிசோதனை அட்டையை அப்பா இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அங்ககக் கரிமம் 0.31 சதவீதம், குறைவு என்று போட்டிருக்கிறது. இது நம் நிலத்து மண்தானா? வேறு யாருடைய மண்ணோடாவது மாறிவிட்டதா?"

கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் நிலம். மழை பெய்தால் செருப்போடு சேர்ந்து வீடுவரை வந்துவிடும் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்தக் கருப்பையே வளமென்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தவர்கள் நாங்கள். கரி, கரிசல், கரிமம் மூன்றும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. கரிசலில் கரிமம் இல்லை என்று ஓர் அட்டை சொன்னால் அப்பா எப்படி நம்புவார்?

மாதிரி மாறவில்லை. ஆங்கில 'வி' எழுத்துப் போல மண்வெட்டியால் குழி வெட்டி, ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக அரையடி ஆழத்துக்கு மண்ணைச் சீவி, பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அங்ககக் கரிமம் என்பது செத்த செடியும் சாணமும் மக்கி மண்ணில் தங்கும் மக்கில் இருக்கும் கரிமம், அதாவது கார்பன். நம் ஆய்வுக்கூடங்களில் அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று குறிப்பார்கள். கரிசலின் கருப்பு நம்மை ஏமாற்றும் கருப்பு. இந்த மண்ணின் களித்துகள்களோடு இறுகப் பிணைந்த கொஞ்சம் மக்கு போதும், மொத்த மண்ணும் கருப்பாகத் தெரியும். உண்மையில் தக்காணத்துக் கரிசல் நிலங்கள் பலவும் கரிமத்தில் ஏழைதான்.

நான் வேளாண்மை படித்தவன் இல்லை. இருபது ஆண்டுகள் மதுரையில் கணக்கு எழுதும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கணக்கில் ஒரு தொகை குறைந்தால் அது எந்தத் தேதியில், எந்தப் பற்றில் போயிற்று என்று தேடாமல் எனக்குத் தூக்கம் வராது. இந்த 0.31-ம் அப்படித்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

வேலி ஓரத்தில், உடைமரங்களுக்கு அடியில், எனக்குத் தெரிந்து யாரும் ஏர் பூட்டாத ஒரு துண்டு மண் இருக்கிறது. பத்தடி தள்ளி எங்கள் புஞ்சை. இரண்டும் ஒரே கரிசல், ஒரே மழை, ஒரே வெயில். அங்கேயும் மண் எடுத்துக் கொடுத்தேன். 0.62 என்று வந்தது. எங்கள் மண்ணைப் போல இரண்டு மடங்கு.

அன்று மாலை இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, வேலி ஓரத்துக் காய்ந்த கட்டி ஒன்றையும் புஞ்சைக் கட்டி ஒன்றையும் தனித்தனியே போட்டோம். புஞ்சைக் கட்டி குமிழி விட்டுக்கொண்டே ஒரு நிமிடத்துக்குள் கரைந்து சேறாக அடியில் படிந்துவிட்டது. வேலி ஓரத்துக் கட்டி கால் மணி நேரம் கழித்தும் உருக்குலையாமல் நின்றது. அப்பா வாயே திறக்கவில்லை. அட்டையை நம்பாதவர் டம்ளரை நம்பினார்.

அந்தக் கட்டியைப் பிடித்து வைத்திருப்பது எது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கதை தெரிந்துவிடும். செத்த வேர், இலைச் சருகு, சாணம் எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்றது போக அவை விட்டுச்செல்லும் பிசினும், பூஞ்சைகளின் நூலிழைகளும், மண்துகள்களைக் கோத்துச் சிறு சிறு உருண்டைகளாக ஆக்குகின்றன. அந்த உருண்டையின் நடுவே அகப்பட்ட மக்கு பத்திரமாக இருக்கும். காற்று உள்ளே போகாது, நுண்ணுயிரும் எளிதில் நெருங்காது. கலப்பை பாயும்போது உருண்டை உடைகிறது. பூட்டிய அறைக்குள் இருந்த மக்கு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வருகிறது. காத்திருந்த கோடிக்கணக்கான உயிர்கள் அதைத் தின்று, நம்மைப் போலவே மூச்சு விடுகின்றன. அந்த மூச்சுதான் கரியமில வாயு. மண்ணில் இருந்த கரிமம் அந்த வழியாகத்தான் வானத்துக்குப் போகிறது.

நம் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஈரம் இருந்தால், வெப்பம் பத்து டிகிரி ஏறும்போது மக்கு சிதையும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பார்கள். குளிர் நாட்டு மண்ணில் பல ஆண்டுகள் தங்குவது கரிசல் காட்டில் சில பட்டங்களில் காணாமல் போகும்.

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று ஒரு பழமொழி எங்கள் பக்கம் எல்லார் வாயிலும் இருக்கும். கோடை மழை ஒன்று விழுந்ததும் உழுதுபோட வேண்டும். வெயிலில் புழுதி காய வேண்டும். அப்படிக் காய்ந்த நிலத்தில் அடுத்த மழைக்கு விதைத்தால் பயிர் கருகருவென்று வரும். இதைச் சொன்ன பாட்டன்மார் பொய் சொல்லவில்லை. கோடை உழவு கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் கொக்குக்கும் கொடுக்கிறது, கோரைக் கிழங்கைக் காயவைக்கிறது, சரிவில் ஓடும் மழையைத் தடுத்து உள்ளே இறக்குகிறது. எல்லாம் உண்மை.

ஆனால் பயிர் கருகருவென்று வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் பிர்ச் என்ற மண்ணியலாளர் 1950-களில் இதைக் கவனித்து 1958-ல் எழுதினார். மண்ணை நன்றாகக் காயவைத்துப் பிறகு நனைத்தால், நனைந்த சில மணி நேரத்திலேயே மக்குச் சிதைவு குபீரென்று ஏறுகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. கூடவே மக்கில் அடைபட்டுக் கிடந்த தழைச்சத்தும் பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவில் விடுபடுகிறது. காய்தலும் நனைதலும் மாறி மாறி வர, ஒவ்வொரு முறையும் அது நடக்கிறது. இன்று அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் பாட்டன்மார் கண்ட பத்தரை மாற்றுத் தங்கத்தில் ஒரு பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். அது மண் புதிதாகச் சம்பாதித்த தங்கம் இல்லை, பெட்டியில் இருந்ததை எடுத்து விற்ற தங்கம். கணக்கு எழுதியவன் மொழியில் சொன்னால், மூலதனத்தை எடுத்து வருமானக் கணக்கில் எழுதுகிறோம்.

அந்த முதல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை வயலிலேயே அளந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மோரிஸ் என்ற ஊரில் மண்வள ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. ரைகோஸ்கி, லிண்ட்ஸ்ட்ராம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோதுமை அறுத்த வயலை வெவ்வேறு விதமாக உழுதார்கள். ஒரு துண்டில் மண்ணை அப்படியே புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பை. இன்னொன்றில் அதற்கு மேல் கட்டி உடைக்கும் சட்டிப் பலுகு. வேறொன்றில் சட்டிப் பலுகு மட்டும். ஒன்றில் கீறிவிட்டுப் போகும் உளிக் கலப்பை. ஒன்றை உழவே இல்லை. உழுத உடனே, வயல் மீது ஒரு பெரிய கூண்டை இறக்கி மூடி, உள்ளே கரியமில வாயு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். பத்தொன்பது நாள் இப்படி.

1993-ல் முடிவு வெளிவந்தது. அந்த ஆண்டின் கோதுமைத் தாளில் மொத்தம் எவ்வளவு கரிமம் இருந்ததோ, அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைக் கலப்பை ஓட்டிய துண்டிலிருந்து பத்தொன்பது நாளில் வெளியேறிய கரிமம் 134. உழாத துண்டிலிருந்து 27. மற்ற மூன்றும் 54-லிருந்து 70-க்குள் இருந்தன. ஒரு பயிர் ஒரு பருவம் முழுக்க வெயிலைப் பிடித்துச் சேர்த்து வயலில் விட்டுச்சென்றதைவிட அதிகமான கரிமம் மூன்று வாரத்துக்குள் காற்றில் போயிற்று. இதைப் படித்த இரவு நான் எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த வாரம்தான் எங்கள் புஞ்சையில் ரோட்டவேட்டர் ஓடியிருந்தது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 134 முழுவதும் புதிதாகச் சிதைந்த மக்கு இல்லை. மண்துளைகளில் ஏற்கெனவே அடைபட்டிருந்த வாயு, நிலத்தைத் திறந்ததும் வெளியே வந்த பங்கும் அதில் உண்டு. பத்தொன்பது நாள் வேகம் பத்தொன்பது ஆண்டுக்கும் நீடிக்காது. ஆனாலும் எந்தக் கலப்பை மண்ணை அதிகம் புரட்டுகிறதோ அது அதிகம் வெளியேற்றும் என்ற வரிசை தெளிவாக இருந்தது.

என் நிலத்துக்கு ஒரு கணக்குப் போட்டேன். ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறக்குறைய 800 டன். அதில் 0.1 சதவீதம் என்றால் 800 கிலோ கரிமம். ஒரு கிலோ கரிமம் காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் 3.67 கிலோ கரியமில வாயு. ஆக, அட்டையில் வெறும் 0.1 குறைந்தாலே ஏக்கருக்கு மூன்று டன்னை ஒட்டிய கரியமில வாயு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ வருகிறது. ஆயிரம் லிட்டருக்கு மேல் டீசலை எரித்ததற்குச் சமம். எங்கள் ஏக்கரில் ஆண்டு முழுவதும் உழ முப்பது லிட்டர்கூட ஆகாது. டிராக்டரின் குழாயில் வரும் புகையைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம். அதன் பின்னால், கலப்பைக்கு அடியிலிருந்து, நிறமும் மணமும் இல்லாமல் எழுவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

வேலி ஓரத்துக்கும் புஞ்சைக்கும் உள்ள இடைவெளி 0.31. அதாவது ஏக்கருக்கு இரண்டரை டன் கரிமம். அத்தனையும் வானத்துக்குப் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஐப்பசி மழையில் கருப்பாக ஓடும் தண்ணீரோடு ஒரு பங்கு ஓடை வழியே கண்மாய்க்குப் போயிருக்கும். வேலி ஓரத்தில் உடைமரம் ஆண்டு முழுக்க இலையைக் கொட்டுகிறது, புஞ்சையில் அது இல்லை. உழவின் மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது.

இங்கேதான் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "தாத்தா காலத்திலும் உழுதார்கள். அப்போது மட்டும் மண் எப்படி நன்றாக இருந்தது?"

எத்தனையோ நாள் அந்தக் கேள்வியோடு திரிந்தேன். அவர் காலத்து உழவும் இன்றைய உழவும் பெயரில் மட்டும்தான் ஒன்று. நாட்டுக் கலப்பையின் கொழு மண்ணைக் கீறிக்கொண்டு போகும், புரட்டாது. சாலுக்கும் சாலுக்கும் நடுவே உழாத மண் மேடாக நிற்கும். காலையில் ஏர் பூட்டினால் உச்சி வெயிலுக்குள் அரை ஏக்கர் ஆனால் பெரிய காரியம். மாடு களைத்தால் உழவு நின்றுவிடும். டிராக்டர் வந்த பிறகு சட்டிக் கலப்பையால் ஒரு முறை, ஒன்பது கொத்துக் கலப்பையால் இரண்டு முறை, கடைசியில் ரோட்டவேட்டரால் ஒரு முறை என்று ஆயிற்று. சுழலும் கத்திகள் மண்ணை மாவாக்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும், விதைக்க வசதியாக இருக்கும். ஒரு நல்ல மழை விழுந்ததும் அந்த மாவு மேலே ஓடு கட்டிக்கொள்ளும். முளைக்கும் குருத்து முட்டி முட்டிச் சாகும். அந்த ஓட்டை உடைக்க மறுபடி உழவு!

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரிது. தாத்தா எடுத்தார், ஆனால் திரும்பவும் போட்டார். தொழுவத்துக் குப்பை மாட்டு வண்டியில் புஞ்சைக்குப் போயிற்று. கோடையில் கண்மாய் வற்றியதும் அதன் வண்டலான கரம்பையை அள்ளி அடித்தார்கள். மழை அடித்துக்கொண்டுபோன மேல்மண் வண்டியில் ஏறி வீடு திரும்பிய மாதிரிதான் அது. அறுவடை முடிந்த காட்டில், ஆடு மேய்க்கும் கீதாரிகள் செம்மறிக் கிடை போட்டார்கள். இத்தனை ஆடு, இத்தனை ராத்திரி என்று பேசி, தானியமாகவோ பணமாகவோ கூலி வாங்கினார்கள். ஒரே இரவில் நிலம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் சீராக விழும், வண்டிச் சத்தம் கிடையாது, அள்ளிப்போட ஆள் வேண்டாம். மாடு போனதும் குப்பை போயிற்று. கரம்பை எடுக்க அலைச்சல் கூடியது. மக்காச்சோளம் வந்த பிறகு, அறுத்த மறுவாரமே தட்டையை ரோட்டவேட்டரால் அடித்து விடுவதால், ஆடு மேயத் தாள் இல்லை, கிடை போட நாள் இல்லை. எடுப்பது பல மடங்காயிற்று. போடுவது ஏறக்குறைய நின்றே போயிற்று.

இந்த இடத்தில் எனக்கு வந்த ஆசை எல்லாருக்கும் வரக்கூடியதுதான். உழவையே விட்டுவிட்டால் என்ன?

உலகில் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கியில் ஹாரி யங் என்ற விவசாயி 1962-ல் ஓர் ஏக்கருக்கும் குறைவான இடத்தில் உழாமல் மக்காச்சோளம் விதைத்தார். பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் 1972-ல் தொடங்கினார். கொட்டும் மழையில் உழுத மண் கண்ணெதிரே செந்நீராக அடித்துக்கொண்டு போவதைப் பொறுக்காமல், கென்டக்கி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். இன்று பிரேசிலில் கோடிக்கணக்கான ஏக்கர் அந்த வழியில் விளைகிறது. அவர்கள் யாரும் காற்றுமண்டலத்துக் கரிமத்தை நினைத்து இதில் இறங்கவில்லை. மேல்மண்ணைக் காப்பாற்ற இறங்கினார்கள். அந்தக் காரணம் இன்றுவரை வலுவாக நிற்கிறது.

கிழக்கு மூலையில் ஓர் ஏக்கரை உழாமல் விட்டேன். நான்கு ஆண்டுகள். முதல் புரட்டாசியில் சாரணையும் கோரையும் அருகும் போட்டி போட்டுக்கொண்டு எழுந்தன. வாய்க்கால் ஓரம் போகிறவர்கள் நின்று, "அண்ணாச்சி, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார்கள். கேலி இல்லை, கவலையோடுதான் கேட்டார்கள். உழவுக்கு மிச்சமான பணம் களையெடுப்புக்குப் போதவில்லை. வெடிப்புகளுக்குள் விதை விழுந்து வீணாயிற்று. அந்த ஆண்டு உளுந்து பாதிதான் கண்டது.

வெளிநாட்டில் இந்த முறை ஓடுவது களைக்கொல்லியின் தோளில். ஹாரி யங் விதைத்த அதே 1962-ல்தான் பாராகுவாட் என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. உடலுக்குள் போனால் மாற்று மருந்தே இல்லாத நஞ்சு அது. அதை என் நிலத்தில் தெளிக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு விலை உண்டு, கொடுத்தேன். இரண்டாம் ஆண்டிலிருந்து சோளத்தட்டையை அறுத்து அங்கேயே பரப்பினேன், ஊடுபயிராகத் தட்டைப்பயறு போட்டேன். களை கொஞ்சம் அடங்கிற்று. மூன்றாம் ஆண்டு மழை இடையில் இருபது நாள் தவறியபோது பக்கத்துப் புஞ்சை வாடியது. என் கிழக்கு மூலை வாட இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. அப்பா அதைப் பார்த்தார்.

இதற்கிடையே தங்கையின் ஊருக்குப் போயிருந்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம். தை மாதம், சம்பா அறுவடைக்குப் பத்து நாள் இருந்தது. மாப்பிள்ளை காலையிலேயே கூடையோடு வயலுக்குள் இறங்கி, நின்ற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துக்கொண்டிருந்தார். மண்ணை விரலால் அழுத்திக் காட்டினார். "மெழுகுப் பதம் மச்சான். இந்தப் பதம் தவறினால் விதை ஒன்று அழுகும், இல்லாவிட்டால் காயும்." நெல்லை அறுத்ததும் தாளுக்கு நடுவே உளுந்து எழுந்துவிடும். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தை, மாசி மாதப் பனியும்தான். உழவில்லாச் சாகுபடி என்று நான் கென்டக்கியிலும் பிரேசிலிலும் தேடிக்கொண்டிருந்ததை டெல்டாவில் பெயர்கூட வைக்காமல் காலம் காலமாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

அங்கேயும் நெருக்கடி இருக்கிறது. அறுவடை இயந்திரத்தின் பெல்ட் பட்ட இடமெல்லாம் முளை நசுங்கிவிடுகிறது என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார். நெல்வயல் கணக்கே வேறு என்பதையும் சொல்ல வேண்டும். சேற்றுழவு மண் உருண்டைகளை அடியோடு கரைத்துவிடுகிறது, ஆனால் தண்ணீர் நிற்பதால் காற்று புகாமல் மக்கு மெதுவாகவே சிதைகிறது. அதனால் நஞ்சையில் கரிமம் பெரும்பாலும் புஞ்சையைவிட அதிகம் தங்கும். அதே காற்றில்லாத சேற்றில்தான் மீத்தேன் பிறக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட இருபத்தேழு மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அங்கே கலப்பையைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, தண்ணீரையும் பேச வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நான்கு ஆண்டு முடிந்து கிழக்கு மூலை மண்ணைக் கொடுத்தேன். 0.38. ஒரே மண்ணை இரண்டு முறை கொடுத்தாலே இரண்டாம் தசமத்தில் கொஞ்சம் மாறி வரும். எனவே கொண்டாட ஒன்றுமில்லை. அதைவிட என்னை உறுத்தியது அரையடிக் குழி. அறுபது சென்டிமீட்டரில் என்ன நடந்தது என்று இந்த அட்டை சொல்லாது.

அந்த உறுத்தல் எனக்கு மட்டும் வந்தது இல்லை என்று பிறகு தெரிந்தது. கூண்டை இறக்கி அளந்த அதே மினசோட்டா மாநிலத்திலிருந்தே 2007-ல் பேக்கரும் அவருடைய சகாக்களும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். உழாத நிலத்தில் கரிமம் கூடுகிறது என்று சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை மேல் முப்பது சென்டிமீட்டருக்குள்தான் மண் எடுத்திருந்தன. இன்னும் ஆழமாக எடுத்த இடங்களில் அந்தக் கூடுதல் சீராகத் தெரியவில்லை. 2010-ல் லுவோ என்பவரின் குழு உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. உழாத நிலத்தில் மேல் பத்து சென்டிமீட்டரில் ஹெக்டேருக்கு 3.15 டன் கரிமம் கூடியிருந்தது. இருபதிலிருந்து நாற்பது சென்டிமீட்டருக்குள் 3.30 டன் குறைந்திருந்தது. கலப்பை தாளையும் வேரையும் ஆழத்துக்குத் தள்ளுகிறது. உழாத நிலத்தில் அவை மேலேயே கிடக்கின்றன. ஆக, கரிமம் பெரும்பாலும் இடம்தான் மாறியிருக்கிறது. இடது பையிலிருந்து வலது பைக்குப் போன பணத்தை வரவு என்று எழுத எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் மனம் வராது.

இதனால்தான் 'உழாதே, கரிமம் சேரும், பணம் வரும்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: எத்தனை அடி ஆழத்துக்கு மண் எடுப்பீர்கள்? உழாத மண் கொஞ்சம் இறுகும், அதே அரையடியில் அதிக எடை மண் இருக்கும், அதைக் கழித்துக் கணக்குப் போடுவீர்களா? ஐந்தாம் ஆண்டு களை தாங்காமல் ஒரு விவசாயி உழுதுவிட்டால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? உழவைக் குறைப்பதால் மேல்மண் நிற்கிறது, ஈரம் நிற்கிறது, டீசல் மிச்சமாகிறது. இவை போதுமான காரணங்கள். இல்லாத பலனைச் சொல்லி விற்றால், அது பொய்யான நாளில் இருக்கும் பலனையும் ஊர் கைவிட்டுவிடும்.

என்னைத் தெளியவைத்தது இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணை. அங்கே பிராட்பாக் என்ற வயலில் 1843-லிருந்து கோதுமை விளைகிறது. ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுஉரம். பக்கத்துத் துண்டுக்கு ஒன்றுமே கிடையாது. இரண்டுக்கும் ஒரே கலப்பை, ஒரே ஆழம், ஒரே நாள். தொழுஉரம் போட்ட துண்டில் கரிமம் மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. அதே பண்ணையில் ஹூஸ்ஃபீல்டு என்ற வயலின் ஒரு துண்டுக்கு 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டுகள் மட்டும் தொழுஉரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கழிந்தும், எருவே காணாத துண்டைவிட அந்த மண்ணில் கரிமம் கூடுதலாக இருந்தது. நம் கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல்களிலும் தொழுஉரம் கண்ட துண்டுகளே கரிமத்தில் முன்னால் நிற்கின்றன.

அப்பாவின் கேள்விக்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. கலப்பை செலவுக் கணக்கு. அதை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் வரவே இல்லாத வீட்டில் சிக்கனத்தால் மட்டும் முதல் பெருகாது. கிழக்கு மூலையில் நான் செலவைக் குறைத்தேன், வரவாக வைத்தது கொஞ்சம் சோளத்தட்டை மட்டும்.

நடு ஏக்கர் ஒன்றில் அப்பா, என் சோதனைக்குப் போட்டியாக, தன் வழியில் ஒன்றைச் செய்து வந்தார். ரோட்டவேட்டரை நிறுத்திவிட்டு, ஒன்பது கொத்துக் கலப்பையால் சரிவுக்குக் குறுக்கே ஒரே ஒரு சால். இரண்டு கோடையில் கரம்பை. மூன்று பங்குனியில் கிடை. அந்த ஏக்கரின் அட்டை 0.44 என்று வந்தது. ஒரு புஞ்சையின் இரண்டு எண்கள் எதையும் நிரூபிக்காது என்று அவரிடம் சொன்னேன். "நிரூபிக்க வேண்டாம், அடுத்த வருஷம் உன் மூலைக்கும் கிடை பேசட்டுமா?" என்றார்.

இந்தப் பங்குனியில் கீதாரி வந்தார். பழைய பழக்கம். முந்நூறு உருப்படி, ஏழு ராத்திரி என்று பேச்சு முடிந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கூலியை நூறு ரூபாய் குறைக்கப் பார்த்தார், நான் குறுக்கே விழுந்து கேட்டதைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது இரவு போய்ப் பார்த்தேன். வலைக்குள் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. உழாமல் கிடந்த சோளத்தாளின் மேல் புழுக்கை கருமணி போலக் கொட்டிக் கிடந்தது.

கிடை எழுந்து போனதும் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கிழக்கு மூலையில் இரண்டடிக் குழி வெட்டினேன். இந்த முறை நான்கு பை: அரையடி, ஓரடி, ஒன்றரை, இரண்டு. ஆய்வுக்கூடத்தில் ஏன் ஒரே இடத்துக்கு நான்கு பை என்று கேட்பார்கள், கேட்கட்டும். ஒன்றரை அடிக்குக் கீழே, பழைய வெடிப்பு ஒன்றின் சுவரை ஒட்டி, போன ஆண்டுத் துவரையின் வேர் ஒன்று இறங்கியிருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதைச் சுற்றியிருந்த மண் மட்டும் உதிராமல் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா குழிக்குள் குனிந்து அதில் ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்து, வீட்டுக்குப் போய் டம்ளரில் போட வேண்டும் என்று வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.